இரண்டாவது பெட்டி

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் சண்டை நடக்க வேண்டுமானால், சொத்துத் தகராறு, மாமியார் - மருமகள் சமாசாரம் எல்லாம் தேவையே இல்லை. வைஃபை போதும்!

என் நண்பர் ஒருவர் வீட்டில் அதுதான் நடந்தது. கீழே ஹாலும் சமையலறையும், மாடியில் இரண்டு ரூம்களும் உள்ள கெட்டியான கான்க்ரீட் வீடு. கல்லூரியில் சேர்ந்திருக்கும் பையன், வீடியோ கேம் பைத்தியம். கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை ஒரு கேமிங் ரவுட்டர் வாங்க வைத்துவிட்டான். நீங்கள் பார்த்திருக்கலாம்... எட்டுக்கால் பூச்சியை மல்லாக்கப் போட்ட மாதிரி சுற்றிலும் ஆன்டெனாக்கள், நடுவே சிவப்பு லைட்! அதை ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்தார்கள். கீழே எல்லாம் ஜோர். மாடி ரூமில் நொண்டியடித்தது.

"லேக் அடிக்குதுப்பா!" என்று மாடியிலிருந்து பையன் கத்துவான். அதே நேரத்தில் கீழே அவன் அம்மா, வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பார். மகளுக்கு ஏழாவது மாதம். "சாப்பிட்டியாடி?" என்று அம்மா கேட்க, மகளின் முகம் பாதி திறந்த வாயோடு அப்படியே உறைந்து நிற்கும். அவ்வளவுதான்... "மேல உக்காந்து ஒருத்தன் சுட்டுத் தள்ளறானே, எல்லாம் அவனாலதான்!" என்று அம்மா ஆரம்பிப்பார்.

நண்பர் பஞ்சாயத்தை முடிக்க இரண்டாவதாக ஒரு பெட்டி வாங்கினார். சிக்னலைப் பிடித்து மறுபடி வீசும் ரிப்பீட்டர். அதை மாடி ரூமில் செருகியதும் போனில் சிக்னல் கோடுகள் முழுசாக எழுந்து நின்றன. வேகமோ பாதியாகப் படுத்துவிட்டது! மனிதர் அசரவில்லை. பரணில் கிடந்த ஒரு பழைய ரவுட்டரைத் தூசு தட்டி எடுத்து, கீழேயிருந்து மாடிக்குக் கேபிள் இழுத்து மாட்டினார். இந்தத் தடவை வேகம் வந்தது. ஆனால் கேம், சிநேகிதர்களோடு சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஹாலில் இருந்த பிரின்டர், மாடி லேப்டாப்பின் கண்ணுக்கே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் வீடியோ கால் அப்போதும் உறைந்தது!

"இனிமே ராத்திரி எட்டு மணிக்கு மேல விளையாட்டே கிடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து அங்கலாய்த்தார். நான் அவருக்குச் சொன்ன கதைதான் இது. கொஞ்சம் நீளமான கதை. ஹவாய் தீவில் ஆரம்பிக்கிறது!

*

நார்மன் ஆப்ராம்சன் என்று ஒரு பேராசிரியர். கடல் அலைமேல் பலகையை வைத்துச் சறுக்கும் விளையாட்டில் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியமே அவரை 1960-களில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு இழுத்துப்போனது. அங்கே அவருக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது ஒரு தீவில். கிளைக் கல்லூரிகள் இருந்தவை வேறு தீவுகளில். டெலிபோன் லைனை நம்பிப் பிரயோஜனமில்லை, செலவும் அதிகம். சரி, ரேடியோவில் அனுப்பினால் என்ன?

ரேடியோவில் ஒரு தொல்லை உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டுமே குழம்பிப்போகும். கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு மைக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் மாமாவும் பெண்ணின் சித்தப்பாவும் அதில் ஒன்றாகப் பேசினால் என்ன ஆகும்? அதேதான்.

ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கித் தரலாம். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எப்போதாவதுதான் ஒரு வரி டைப் அடிப்பார். மீதி நேரமெல்லாம் வீண். எனவே ஆப்ராம்சன் கோஷ்டி ஒரு துணிச்சலான காரியம் செய்தது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் பேசலாம். அதிகபட்சம் 80 எழுத்து கொண்ட சின்னப் பொட்டலமாக அனுப்ப வேண்டும். பொட்டலம் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்து 'வந்தாச்சு' என்று ஒரு குறிப்பு வரும். வராவிட்டால் யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். மனம் போன போக்கில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி அனுப்பு! அந்தக் 'கொஞ்ச நேரம்' ஆளாளுக்கு வேறுபட வேண்டும், அதுதான் சூட்சுமம். இல்லாவிட்டால் மோதிக்கொண்ட இருவரும் மறுபடி ஒரே நொடியில் எழுந்து மறுபடி மோதிக்கொள்வார்களே!

1971 ஜூனில் 'அலோஹாநெட்' வேலை செய்ய ஆரம்பித்தது. வேகம் விநாடிக்கு 9,600 பிட். மையத்தில் எல்லோருடைய பொட்டலங்களையும் வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த கருவிக்கு 'மெனஹூனே' என்று பெயர் வைத்தார்கள். ஹவாய்ப் பழங்கதைகளில் யார் கண்ணிலும் படாமல் வேலைகளை முடித்துவிட்டுப் போகும் குள்ள மனிதர்கள்தான் மெனஹூனே. உங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் பாட்டனாருக்கு எத்தனை பொருத்தமான பெயர்!

ஆனால் இந்தத் துணிச்சலுக்கு ஒரு விலை இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் இஷ்டத்துக்குப் பேசினால், அலைவரிசையின் மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18 சதவிகிதம்தான் உருப்படியாகப் பயன்படும். மீதி எல்லாம் மோதலும் மௌனமும்!

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பாப் மெட்கால்ஃப் இந்தக் கணக்கைப் படித்தார். 1973-ல் அவர் முன்வைத்த யோசனையில் ஹவாய் முறையோடு ஒரு மரியாதையும் சேர்ந்தது. பேசுவதற்கு முன், வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேள்! அந்த ஏற்பாட்டைக் காற்றில் இல்லாமல் கேபிளில் ஓட்டினார். அதுதான் ஈதர்நெட். உங்கள் ரவுட்டரின் முதுகில் சதுரச் சதுரமாக ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே செருகும் கேபிள் அந்தப் பரம்பரைதான்.

கேபிளிலும் முதலில் ஒரே மைக்தான், எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1990-ல் வினோத் பரத்வாஜ் என்ற இந்தியரும் கூட்டாளி ஒருவரும் அமெரிக்காவில் நடத்திய 'கல்பனா' என்ற நிறுவனம், ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஒவ்வொரு கேபிளும் தனித்தனி ஒற்றையடிப் பாதை ஆனது. மோதல் என்ற பேச்சே மெள்ள மெள்ள ஒழிந்தது.

கேபிளின் பிரச்னை இப்படித் தீர்ந்தது. காற்றின் பிரச்னை? இன்றுவரை தீரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டு மாடிக்குப் போகும்போது தேவைப்படும்.

*

ஹவாயிலிருந்து வாஷிங்டனுக்கு வருவோம். ரேடியோ அலைவரிசை என்பது நிலம் மாதிரி. எல்லாவற்றுக்கும் பட்டா உண்டு. ராணுவத்துக்கு இவ்வளவு, டி.வி.க்கு இவ்வளவு, போலீஸுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பிரித்துக் கொடுக்கும். லைசென்ஸ் இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. ஆனால் ஊருக்கு ஊர் புறம்போக்கு என்று ஒன்று இருக்குமே? அதேபோல் அலைவரிசையிலும் சில பகுதிகள் இருந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பும் தொழிற்சாலைக் கருவிகளும் இரைச்சல் போடும் இடம். 'குப்பை அலைவரிசை' என்றே கேலி செய்வார்கள்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தில் மைக்கேல் மார்கஸ் என்ற இன்ஜினீயர் இருந்தார். இந்தப் புறம்போக்கை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். சக்தியைக் குறைத்து, சிக்னலைப் பரவலாகத் தூவி அனுப்பினால் ஒருவருக்கொருவர் தொந்தரவு அதிகம் இருக்காது என்பது அவர் கட்சி. ரேடியோ கம்பெனிகள் எதிர்த்தன. ஆனாலும் 1985 மே மாதம் ஆணையம் கதவைத் திறந்துவிட்டது. இதைக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது!

முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கடையில் பில் போடும் கல்லா மெஷின் தயாரித்த என்.சி.ஆர். நிறுவனம். கடையை மாற்றி அமைக்கும்போதெல்லாம் கல்லாவுக்கு வயர் இழுத்து மாளவில்லை. வயரில்லாமல் இணைத்தால்? நெதர்லாந்தில் இருந்த அவர்களுடைய கூடத்தில் வேலை நடந்தது. ஆளுக்கு ஒரு பாஷையில் கருவி செய்தால் உருப்படாது என்று, அங்கிருந்த விக் ஹேய்ஸ் பொது விதிமுறைக்குப் பாடுபட்டார். 1990-ல் அதற்கென்று கமிட்டி அமைந்தது. பத்து வருடம் அவர்தான் தலைவர். 1997-ல் '802.11' என்ற விதிமுறை வெளியானது. வேகம் 2 மெகாபிட். 1999-ல் அது 11 மெகாபிட் ஆனது. 'வைஃபை' என்ற பெயர், விளம்பரத்துக்காக ஒரு கம்பெனியிடம் காசு கொடுத்து வைத்தது. விரித்துச் சொல்ல அதில் எதுவும் இல்லை!

அதே 1999 ஜூலையில் நியூயார்க் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு லேப்டாப்பில் இன்டர்நெட் பார்த்துக்கொண்டே அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எங்கேயோ வயர் ஒளிந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்காக, மந்திரவாதி மாதிரி ஒரு வளையத்தை லேப்டாப்பைச் சுற்றி நுழைத்துக் காட்டினார்! கூடவே 299 டாலரில் பறக்கும் தட்டு போன்ற ஒரு பெட்டியும் விற்பனைக்கு வந்தது. கேபிளையும் காற்றையும் இணைக்கும் வாசல் அது. ஆக்சஸ் பாயிண்ட்! இந்தியாவில் 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் தொல்லையிலிருந்து விடுவித்தது.

சரி, இப்போது நண்பர் வீட்டு மாடிக்குப் போவோமா?

ஜாப்ஸின் மந்திர வளையத்துக்குப் பின்னாலும் ஓடியது ஆப்ராம்சனின் ஹவாய் சட்டம்தான். கேட்டுவிட்டுப் பேசு, மோதினால் காத்திரு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரிப்பீட்டர் என்ன செய்கிறது? கீழேயிருந்து வரும் பொட்டலத்தை வாங்கி, அதே சேனலில் மறுபடி உரக்கச் சொல்கிறது. ஒவ்வொரு விஷயமும் காற்றில் இரண்டு முறை! அதனால்தான் சிக்னல் கோடு முழுசாக இருந்தும் வேகம் பாதியானது. அந்தக் கோடுகள் காட்டியது ரிப்பீட்டர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை. மைக் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அல்ல. விலை கூடிய சில பெட்டிகளில் இந்த வேலைக்கென்றே தனி ரேடியோ வைத்திருப்பார்கள். நண்பர் வாங்கியது அந்த ரகமில்லை.

இன்னொரு ரகசியம். சிக்னல் மோசமாக இருக்கும் கருவி, வார்த்தை வார்த்தையாக நிறுத்தித்தான் பேசும். அதே விஷயத்தைச் சொல்ல மைக்கை அதிக நேரம் பிடித்துக்கொள்ளும். ஆக, கான்க்ரீட்டுக்கு அப்பால் பையன் தடுமாறினால், ஹாலில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அம்மாவும் காத்திருக்க வேண்டும்.

எனவே இரண்டாவது பெட்டிக்கான முதல் விதி: அதற்குக் கீழேயிருந்து கேபிள் போக வேண்டும். கேபிள் என்பது தனிப் பாதை, அங்கே மோதலே கிடையாது. மாடிவரை கேபிளில் போய், அங்கே மட்டும் காற்றில் இறங்கினால் போதும். மேலே ஒரு சேனல், கீழே வேறு சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அப்படி வைத்தால் ஒரே வீட்டில் இரண்டு மைக்!

"அதான் ரெண்டாவது தடவை கேபிள் போட்டேனே சார்?" என்றார் நண்பர்.

போட்டார். அங்கேதான் இரண்டாவது தப்பு.

*

இன்டர்நெட்டின் அஸ்திவார விதிகளை 1981-ல் எழுதியபோது, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாச எண் என்று வைத்தார்கள். மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் கிடைக்கும். அன்றைக்கு அது குபேர சம்பத்து. பத்தே வருடத்தில் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1994-ல் எகேவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் தாற்காலிகமாக ஒரு வழி சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு வெளியுலகில் ஒரே விலாசம் இருக்கட்டும். உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் அவற்றுக்கு உள்ளூர் எண். வாசலில் ஒரு காவல்காரர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வார். உள்ளேயிருந்து யார் கடிதம் போட்டார்கள் என்று குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் சரியான ஆளிடம் சேர்ப்பார். 'நாட்' என்று அதற்குப் பெயர். தாற்காலிக ஏற்பாடுதான், ஆனால் இன்றைக்கும் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது! 192.168 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்களே? அதுதான் அந்த உள்ளூர் எண்.

இந்தக் காவல்காரர்தான் உண்மையான 'ரவுட்டர்'. வைஃபை வீசும் வாசலுக்குப் பெயர் 'ஆக்சஸ் பாயிண்ட்'. இரண்டும் வேறு வேறு சமாசாரம். பிறகு ஏன் நாம் எல்லாவற்றையும் ரவுட்டர் என்கிறோம்?

அதற்கு ஒரு நீல நிறப் பெட்டிதான் பெரிய காரணம். தைவானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஒரு தம்பதி 1988-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி, லிங்க்சிஸ். 2002 கடைசியில் அவர்கள் 'டபிள்யூ.ஆர்.டி.54ஜி' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். காவல்காரர், கேபிள் செருக நாலு ஓட்டை கொண்ட ஸ்விட்ச், வைஃபை வாசல் மூன்றும் ஒரே டப்பாவில்! பிய்த்துக்கொண்டு விற்றது. 2003-ல் சிஸ்கோ என்ற மகா கம்பெனி லிங்க்சிஸையே சுமார் 50 கோடி டாலருக்கு வளைத்துப்போட்டது.

அந்த வருடமே ஒரு குண்டு வெடித்தது. நீலப் பெட்டியைக் குடைந்து பார்த்த சில புரோகிராமர்கள் உள்ளே லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் இனாம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை வைத்துப் பொருள் செய்து விற்றால், அதன் மூல புரோகிராமை வாங்கியவர்களுக்குத் தர வேண்டும். லிங்க்சிஸ் தரவில்லை. அவர்களுக்கு சிப் தந்தவர்கள், அதற்கு புரோகிராம் எழுதித் தந்தவர்கள் என்று சங்கிலி நீண்டது. சிஸ்கோவுக்குத் தர்மசங்கடம். கடைசியில் 2003-லேயே மூல புரோகிராமை வெளியிட்டார்கள்.

அப்புறம் உலகெங்கும் பொடியன்களும் பெரியவர்களும் பெட்டியைத் திறந்து விளையாட ஆரம்பித்தார்கள். 2004-ல் 'ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி.' என்ற முயற்சி பிறந்தது. சாதாரண வீட்டுப் பெட்டி, விலை கூடிய ஆபீஸ் கருவிகள் செய்யும் வேலையெல்லாம் செய்தது. காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். யாருடைய பொட்டலம் முதலில் போக வேண்டும் என்று நாமே உத்தரவு போடலாம். 2005-ல் லிங்க்சிஸ், பெட்டியின் மெமரியைக் குறைத்து லினக்ஸையும் எடுத்துவிட்டது. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். லினக்ஸ் பிரியர்களுக்கென்றே பெயரில் ஒரு 'எல்' சேர்த்து பழைய ரகத்தை மறுபடி கடைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று! காசு கொடுத்து வாங்கிய பெட்டி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஜனங்கள் சொன்ன பதில் அது.

நண்பர் வீட்டுக்கு வருவோம். பரணிலிருந்து எடுத்த பழைய ரவுட்டரிலும் காவல்காரர் இருந்தார். கீழே ஒருவர், மாடிப்படியில் ஒருவர். ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்! வெளியிலிருந்து பையனைத் தேடி அவன் சிநேகிதர்களின் அழைப்பு வந்தது. கீழே இருப்பவர், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பினார். மாடி லேப்டாப்புக்குக் கீழ் பிரின்டர் தெரியாததும் அதனால்தான். அது மாடிப்படிக் காவலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது!

தீர்வு மூன்றே காரியம். பழைய பெட்டியில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாவிட்டால், ஒன்று: எண் வழங்கும் 'டி.எச்.சி.பி.' வேலையை அதில் நிறுத்துங்கள். இரண்டு: அதன் எண்ணைக் கீழ்ப் பெட்டியின் எண்ணோடு முட்டாமல், கீழே 192.168.1.1 என்றால் மேலே 192.168.1.2 என்பதுபோல், கீழ்ப் பெட்டி யாருக்கும் வழங்காத எண்ணாகப் பார்த்து வையுங்கள். மூன்று: கீழேயிருந்து வரும் கேபிளைத் தனியாக இருக்கும் 'வான்' ஓட்டையில் செருகாமல், வரிசையாக இருக்கும் 'லான்' ஓட்டைகளில் ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்போதுதான் நீங்கள் மாடி ஏறும்போது போன் தானாகக் கைமாறும். கேமிங் ரவுட்டரே எஜமான். இரண்டாவது பெட்டி வெறும் வாசல். ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல் வேண்டுமானாலும் இருக்கலாம், எஜமான் ஒருவர்தான்!

முடிந்தவரை கேம் மெஷினையும் அந்தப் பெட்டியில் கேபிளாலேயே கட்டிவிடுங்கள்.

அதே சாயங்காலம் எல்லாம் செய்தோம். பையனின் சிநேகிதர்கள் சேர்ந்தார்கள். பிரின்டர் பேசியது. ஒன்பது மணி ஆயிற்று. மகளின் முகம்... மறுபடி உறைந்தது! அம்மா மாடியைப் பார்த்து முறைத்தார். பையன் அப்போது விளையாடவே இல்லை. எங்களோடு படியில் நின்றிருந்தான்.

*

இதற்கு இன்னொரு வீட்டுக் கதை இருக்கிறது. அதற்கு முன் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1996-ல் 'க்வேக்' என்ற சுடும் விளையாட்டு வெளிவந்தது. ஆபீஸ் கேபிளில் பிரமாதமாக ஓடியது, டெலிபோன் மோடத்தில் இழுத்தது. நீங்கள் ஒரு அடி நகர்வதற்கும், செய்தி தூரத்து சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதை எழுதிய ஜான் கார்மாக், அந்த வருட டிசம்பரிலேயே புதிய ஏற்பாட்டோடு வந்தார். பதிலுக்குக் காத்திருக்காமல், என்ன பதில் வரும் என்று உங்கள் கம்ப்யூட்டரே ஊகித்து நகர்த்திவிடும்! விளையாடுபவருக்கு முக்கியம் வேகமல்ல, தாமதமில்லாமை என்பது எல்லோருக்கும் புரிந்தது. இந்த விளையாட்டுகளின் பொட்டலங்கள் சின்னஞ்சிறியவை. அகலமான ரோடு வேண்டாம். வழியில் நிற்காமல் போனால் போதும். கேமிங் ரவுட்டர் என்று தனியாக ஒரு ஜாதி 2000-களின் நடுவில் கடைக்கு வந்தது இந்த ஆசையால்தான்.

2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி தன் வீட்டில் ஒரு பெரிய ஃபைலை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். லைன் நல்ல வேகம். ஆனால் அனுப்பும்போதெல்லாம் வீட்டு இன்டர்நெட் செத்துப்போனது. அவருடைய குழந்தைகளும் நெட் மெதுவாக இருக்கிறது என்று வழக்கமாகப் புகார் சொல்பவர்கள்தான். அளந்து பார்த்தால், போய்த் திரும்பும் நேரம் ஒரு விநாடியைத் தாண்டியது! துருவிப் பார்த்தவருக்குக் காரணம் புரிந்தது.

திருப்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் மண்டபத்தை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் தரிசனம் வேகமாகாது, காத்திருப்புத்தான் நீளும். மெமரி மலிவானதும் கம்பெனிகள் மோடத்திலும் ரவுட்டரிலும் பெரிய பெரிய மண்டபங்களைக் கட்டிவிட்டன. ஒரு பொட்டலமும் கீழே விழக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இன்டர்நெட்டின் சுபாவம் வேறு. பொட்டலம் விழுந்தால்தான் அனுப்புபவர் 'நெரிசல்' என்று உணர்ந்து நிதானிப்பார். மண்டபம் பெரிதானால் அவருக்குத் தகவலே போகாது, அனுப்பிக்கொண்டே இருப்பார். குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் வந்த கூட்டம் மண்டபத்தை அடைத்துக்கொள்ள, ஒரே ஒரு தேங்காயோடு வந்தவர் கடைசியில் நிற்பார். வீடியோ காலும் விளையாட்டும்தான் அந்தத் தேங்காய்க்காரர்கள்.

இந்த வியாதிக்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார் கெட்டிஸ். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸ், வேன் ஜேக்கப்சன் என்ற இருவர் மருந்து கண்டுபிடித்தார்கள். மண்டபத்தில் எத்தனை பேர் என்று எண்ணாதே. எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்று பார். நீண்டால் ஒரு பொட்டலத்தைக் கீழே போட்டு அனுப்புபவரை எச்சரி! பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை என்ற நியாயத்தையும் சேர்த்தார்கள். இந்த மருந்தைப் பரிசோதித்துப் பார்த்த இடம் எது தெரியுமா? நீலப் பெட்டியிலிருந்து பிறந்த அந்த ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி.தான்! 2003-ல் அந்த மூல புரோகிராம் வெளியே வராமல் இருந்திருந்தால், இந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு சுலபமாக ஒரு வீட்டுப் பெட்டி கிடைத்திருக்காது.

ஆக, நண்பர் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மண்டபத்தை அடைத்தது யார்? கேமிங் ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். ஒரே ஒரு போன்தான் முழு மூச்சாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. தினமும் சாப்பாடு முடிந்து, நண்பர் தன் போனைச் சார்ஜில் போடுவார். சார்ஜில் போட்டதும் அன்றைய வாட்ஸ்அப் வீடியோக்கள், கல்யாண போட்டோக்கள் எல்லாவற்றையும் அது விசுவாசமாக மேலே அனுப்ப ஆரம்பித்துவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

அவன் ஆசையாக வாங்கிய ரவுட்டரிலேயே வரிசையைச் சீராக்கும் வசதி இருந்தது. யாரும் தொடவில்லை, அவ்வளவுதான். அதை இயக்கி, வரம்பை லைனின் வேகத்தில் 90 சதவிகிதத்துக்கு வைத்தோம். மண்டபம் மோடத்தில் நிரம்பாமல், வரிசையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ரவுட்டரின் கைக்கு வந்துவிட்டது. போன் தன் பாட்டுக்கு போட்டோக்களை அனுப்பிக்கொண்டிருக்க, அம்மா மறுபடி கேட்டார்:

"சாப்பிட்டியாடி?"

"ஆச்சும்மா. ரசம் சாதம்."

பதில் உடனே வந்தது. எட்டு மணித் தடையும் அன்றே ரத்தானது.

உங்கள் வீட்டிலும் இன்று ராத்திரி நெட் நொண்டினால், மாடியில் இருப்பவனைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். காற்று யாருடைய பட்டா நிலமும் இல்லை. அது நம் எல்லோருக்குமான புறம்போக்கு. அதில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் கேபிள், இரண்டாவது வாசல், ஒழுங்கான வரிசை எல்லாம். எதற்கும் முதலில் உங்கள் போன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்!